அப்பளத்தை வைத்து ஒளியை அளந்தோம்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழும். ஒரு வாரத்துப் பட்டியலை அப்படியே தருகிறேன்: பொரிக்காத அப்பளம் நான்கு. ஸ்கேல் ஒன்று. தாத்தாவின் கூலிங் கிளாஸ் (கேட்டு வாங்கவும்). மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. துணி சோப்பு ஒரு துண்டு. கொடியில் பூத்திருந்தால் சங்குப்பூ ஐந்தாறு.

கீழே ஓர் அம்மா கேட்டிருந்தார்: "மிஸ், இது சயன்ஸ் கிளாஸுக்கா, வேற எதுக்காவதா?"

சயன்ஸ் கிளாஸுக்கேதான்! ஒளியின் வேகம், தளவிளைவு, அமிலம், காரம் எல்லாமே அந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கின்றன.

சென்னையில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி ஓர் இணையவழி உயர்நிலைப் பள்ளியின் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளிக்கு அசெம்பிளி உண்டு, வருகைப் பதிவு உண்டு, பெற்றோர் கூட்டம் உண்டு. கட்டடம் மட்டும் கிடையாது. இந்திய நேரம் காலை பத்தரைக்கு வகுப்பு. மஸ்கட் பையனுக்கு அப்போது மணி ஒன்பது. சிங்கப்பூர்க்காரிக்கு மதியம் ஒன்று, சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்காருவாள். சிட்னிப் பெண்ணுக்குக் குளிர்காலத்தில் மூன்று மணி. இவர்களுக்கு நடுவே நாகர்கோவில், ஊட்டி, டெல்லி, சென்னையின் நாலா பக்கம் என்று பிள்ளைகள் சிதறிக் கிடக்கிறார்கள்.

"லேப் இல்லாம எப்படி சயன்ஸ் சொல்லித் தருவீங்க?" கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தக் கேள்வி வரும். கேட்டவர் எழுந்துபோக முடியாதபடி பதில் சொல்வேன். பிள்ளைகள் இப்படிச் சிதறிக் கிடப்பதுதான் எங்கள் லேப்! ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் எந்தப் பள்ளிக்கும் ஒரே நாளில் கடல் மட்டத்திலும் மலை உச்சியிலும் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாக்கியம் கிடையாது. வாருங்கள், திரைக்குப் பின்னால் கூட்டிப்போகிறேன்.

முதலில் மேசை. நடுவில் லேப்டாப். அதன் பக்கத்தில் கழுத்தை வளைத்துக் கீழே குனிந்து பார்க்கும் ஸ்டாண்டில் ஒரு போன். அந்த போனும் தனி ஆளாக வகுப்பில் சேர்ந்துகொள்ளும். அதற்கு நான் வைத்த பெயர் 'மேசை'. என் முகம் ஒரு கட்டத்தில், மேசை இன்னொரு கட்டத்தில். பிள்ளைகள் இருவருக்கும் மரியாதை தருவார்கள்: "குட்மார்னிங் மிஸ்! குட்மார்னிங் மேசை!" இரண்டு கருவியிலும் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காதைப் பிளக்கும் ஓர் ஊளை கிளம்பும். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கர் வழியே வந்து, மறுபடி மைக்கில் புகுந்து பெருகுகிறது. ஒலிப் பாடம் நடக்கும் நாளில் அதை வேண்டுமென்றே செய்து காட்டுவேன். காதைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் அடிக்கும் கூச்சல், ஆஹா!

மேசையின் மூலையில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். நேரலையில் நிறங்காட்டிப் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் இந்தத் தாளின் அருமை தெரியும். கேமராவுக்கு நிறம் தெரியாது, அது ஊகிக்கிறது. சட்டகம் முழுக்க மஞ்சள் கரைசலாக இருந்தால், அறை விளக்குதான் மஞ்சள் போலிருக்கிறது என்று கேமரா முடிவுகட்டி, அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று நீலத்தைச் சேர்த்துவிடும். அப்புறம் மஞ்சள் கரைசல் சோப்பில் பட்டுச் செக்கச்சிவந்து நிற்கிற அந்த நொடி பிள்ளைகள் திரையில் மங்கிப்போய்த் தெரியும். அதனால் முதலில் வெள்ளைத் தாளைக் காட்டி, கேமராவின் நிற அமைப்பைப் பூட்டிவிட வேண்டும். தீச்சுடர் காட்டும் நாளில் ஒளி அளவையும் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் உப்புக் கரைசல் தொட்ட கரண்டியைக் காட்டும்போது பளீரென்று எழும் சோடியத்தின் மஞ்சள், திரையில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தட்டு சிவக்கிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அதே தட்டில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு பின்வாங்கி மஞ்சள் திரும்பி வரும் என்பதைப் பெரும்பாலோர் பார்த்ததில்லை. அந்த நொடிக்காகவே அந்த வகுப்பை எடுக்கிறேன். சங்குப்பூ இன்னும் ஒரு படி மேலே. நீலச் சாறு எலுமிச்சையில் ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும், சோப்புத் தண்ணீரில் பச்சைக்குப் போகும். பின்னாலிருந்து ஒரு பாட்டியின் குரல்: "அடி, செம்பருத்தியையும் போட்டுப் பாரேன்!" போட்டுப் பார்த்தோம். செம்பருத்தியும் நிறம் மாறும். அன்று அந்தப் பாட்டியின் பெயரையும் வருகைப் பதிவில் சேர்க்கச் சொல்லி வகுப்பே ஒரே பிடியாக நின்றது.

இனி எனக்கு உயிரான விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கண் முன்னாலும் இருக்கிற அந்தத் திரை!

திரை என்பது பாடம் வந்து சேரும் வாசல் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவே அற்புதமான ஆய்வுக் கருவி. என் திரைப்பகிர்வில் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போடுவேன். "போன்ல பாக்குறவங்க, விரல் நுனியைத் தண்ணியில தொட்டு, கடுகளவு ஒரு சொட்டு மட்டும் திரை மேல வைங்க. உள்ள எட்டிப் பாருங்க." ஐந்து நொடி நிசப்தம். அப்புறம் மைக்குகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். "மிஸ்! சிவப்பு, பச்சை, நீலம்! கட்டம் கட்டமா!" தண்ணீர்ச் சொட்டின் வளைந்த மேற்பரப்பு குவிலென்ஸாக வேலை செய்து திரையின் நுண்புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வெள்ளை என்று நாம் பார்த்தது மூன்று நிறப் புள்ளிகளின் கூட்டு. அடுத்து மஞ்சள் பக்கம் போடுவேன். மஞ்சளுக்கென்று ஒரு புள்ளியும் கிடையாது! சிவப்பும் பச்சையும் மட்டும் எரிகின்றன, நீலம் அணைந்து கிடக்கிறது. இத்தனை வருடம் கார்ட்டூனில் பார்த்த மஞ்சள் எல்லாம் கண்ணும் மூளையும் சேர்ந்து கட்டியது என்று தெரிந்தபோது ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான். பாடப்புத்தகத்தில் முதன்மை நிறங்கள் ஒரு வட்டப் படம். இங்கே அது விரல் நுனியில்!

தாத்தாவின் கூலிங் கிளாஸுக்கு வருவோம். லேப்டாப்பின் எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி, தளவிளைவு பெற்றது. அதன் அதிர்வு ஒரே தளத்தில் இருக்கும். தளவிளைவுக் கண்ணாடி பொருத்திய கூலிங் கிளாஸைத் திரைக்கு முன் பிடித்து மெதுவாகத் திருப்பினால், ஒரு கோணத்தில் திரை கன்னங்கரேலென்று அணைந்துவிடும். இன்னும் திருப்பினால் உயிர்த்தெழும். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜியோமெட்ரி பாக்ஸிலிருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலை நுழையுங்கள். வானவில்! ஸ்கேல் வார்ப்பில் இறுகியபோது உள்ளே தங்கிவிட்ட தகைவுகள் நிறக் கோடுகளாகச் சுழன்று தெரியும். பொறியாளர்கள் இதே முறையில்தான் ஒளி ஊடுருவும் மாதிரிகளைச் செய்து, எங்கே தகைவு குவிகிறது என்று பார்த்தார்கள். எந்தக் கருவியும் வாங்கவில்லை, தாத்தாவிடம் அனுமதி மட்டும் வாங்கினோம். சில தாத்தாக்கள் கண்ணாடியைத் திருப்பித் தரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பாடத்தையும் கேட்டுவிட்டார்கள்.

அப்புறம் டிவி ரிமோட். பல போன்களின் முன்பக்க கேமராவுக்கு அகச்சிவப்பு ஒளி கொஞ்சம் தெரியும். ரிமோட்டின் நுனியை அதற்கு நேராக நீட்டிப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் ஊதா நிறத்தில் மினுக்கும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையின் சிவப்புக்கு அப்பால், இருண்ட இடத்தில் வெப்பமானியை வைத்து அங்கே சூடு ஏறுவதைக் கண்டாரே, அந்த ஒளியின் உறவு இது. வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் அழுத்தியதில் வீட்டுக்கு வீடு டிவி அலறியது. அன்றைய பாடத்தை எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை.

இப்போது அப்பளம்.

மைக்ரோவேவ் அவனுக்குள் அடியில் ஒரு கண்ணாடித் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஏன் சுற்றுகிறது? உள்ளே அலைகள் சுவரில் மோதித் திரும்பி, போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து நிலை அலையாக நிற்கின்றன. சில இடங்களில் அதிர்வு உச்சம், அங்கே கடும் சூடு. சில இடங்கள் கணுக்கள், அங்கே சூடே இல்லை. தட்டு சுற்றினால்தான் சாதம் எல்லாப் பக்கமும் சூடாகும். அந்தத் தட்டை எடுத்துவிட்டால்? சூடு எங்கெங்கே என்ற வரைபடம் கிடைக்கும். வரைபடம் எழுத எதுவும் தேவையில்லை, அப்பளமே எழுதும்!

வகுப்புக்கு முந்தின ராத்திரி என் சமையலறையில் ஒத்திகை நடக்கும். தட்டை எடுத்துவிட்டு, சுழலும் குமிழைத் தொடாதபடி ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் அப்பளங்களை நெருக்கிப் பரப்புவேன். ஒவ்வொரு அவனுக்கும் ஒரு சுபாவம். எத்தனை நொடியில் சில இடம் மட்டும் பொரிந்து மற்ற இடம் பச்சையாக நிற்கிறது என்று பார்த்துக் குறித்து வைப்பேன். காலையில் மேசைக் கேமரா அவனின் கதவருகே போய்விடும். விளக்கு எரிகிறது, அப்பளம் அசையாமல் கிடக்கிறது, பிள்ளைகள் நொடி எண்ணுகிறார்கள். திடீரென்று ஓர் இடத்தில் புஸ்ஸென்று வெள்ளையாக ஒரு கொப்புளம். தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று! "மிஸ் நிறுத்துங்க, நிறுத்துங்க!"

வெளியே எடுத்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புவேன். வீட்டில் அவன் இருப்பவர்கள் பெரியவர் துணையோடு செய்து அவர்கள் படத்தையும் போடுவார்கள். பொரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே தூரம் ஏறக்குறைய 6 செ.மீ. அது அலைநீளத்தில் பாதி. அவனின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதிர்வெண் எழுதியிருக்கும்: 2,450 மெகாஹெர்ட்ஸ். 6.1 செ.மீ.யை இரண்டால் பெருக்கி, அதை நொடிக்கு 245 கோடி அதிர்வுகளால் பெருக்கினால் நொடிக்கு 29 கோடியே 89 லட்சம் மீட்டர். ஒளியின் உண்மையான வேகம் 29,97,92,458 மீட்டர். அப்பளத்தால்! எல்லோருக்கும் இவ்வளவு நெருக்கமாக வராது. அவனுக்குள் அலை முப்பரிமாணத்தில் மோதித் திரும்புவதால் கொப்புளங்கள் வரிசை பிடித்து நிற்பதில்லை. ஐந்தரை செ.மீ. அளந்தவருக்கு 27 கோடி வரும், ஆறரை அளந்தவருக்கு 32 கோடி வரும். அந்த வேறுபாட்டைப் பற்றி அரை மணி நேரம் சண்டை நடக்கும்: எந்தக் கொப்புளத்தின் நடுப்புள்ளியைப் பிடித்தாய், ஸ்கேலைச் சாய்த்துப் பார்த்தாயா? அளவீட்டுப் பிழை என்ற தலைப்பை நான் தனியாக நடத்தியதே இல்லை. அதை அவர்களே நடத்திக்கொள்கிறார்கள். ஆதாரத்தை அப்புறம் சாப்பிட்டுவிடுவார்கள்.

தூரத்திலிருந்து பாடம் நடத்துவது நேற்று முளைத்ததில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் நட்டநடு வறண்ட நிலத்தில், அடுத்த வீடே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பண்ணைக் குழந்தைகளுக்காக, 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி தொடங்கியது. பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலியைப் பள்ளிக்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணியவர் அடிலெய்ட் மீத்கி என்ற கல்வியாளர். அந்த வலையமைப்பு வளர வழிசெய்தது ஆல்ஃபிரட் டிரேகர் 1920-களின் இறுதியில் உருவாக்கிய பெடல் வானொலி. மின்சாரம் இல்லாத இடத்தில் காலால் மிதித்தே வானொலியை இயக்கினார்கள்! 1971-இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அறிவியல் மாணவர்களின் வீட்டுக்கே பரிசோதனைப் பெட்டி அனுப்பியது. அதில் கையடக்க மெக்ஆர்தர் நுண்ணோக்கியும் இருந்தது. நம் நாட்டில் 1975-76-இல் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. ஊருக்கு நடுவே வைத்த பெட்டியில் குழந்தைகளுக்கு அறிவியல் நிகழ்ச்சிகள் ஓடின. இவர்கள் எல்லோரும் எங்கள் பள்ளியின் முன்னோர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்றைக்கு எங்களுக்கு இருக்கும் வசதியை அவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகங்கள் இலவசம், பல தமிழிலும் உண்டு. மின்சுற்றைத் திரையிலேயே இணைத்து, பேட்டரி தீப்பிடிக்கும் வரை விளையாடலாம். அம்ருதா பல்கலைக்கழகமும் சி-டாக்கும் சேர்ந்து 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குச் செய்த ஓலேப்ஸ் என்ற இணைய ஆய்வகம் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி, போனுக்குள் இருக்கும் உணரிகளை எல்லாம் அளவுகருவிகளாக மாற்றிவிடுகிறது. அதன் ஒலிநேரமானியை இரண்டு போனில் திறந்து, மொட்டை மாடியில் பத்து மீட்டர் தள்ளி வைத்து, அண்ணன் ஒரு கைதட்டல், தங்கை ஒரு கைதட்டல். ஒலியின் வேகம் கையில்! குளிர்ந்த ஊட்டியில் 15 டிகிரியில் அது நொடிக்கு 340 மீட்டர் அளவில் இருக்கும். 40 டிகிரி மஸ்கட் வெயிலில் 355-ஐத் தொடும். பல தடவை தட்டிச் சராசரி எடுத்தால் அந்த வேறுபாடு தலைகாட்டுகிறது. இரண்டு ஊரிலும் பிள்ளை வைத்திருக்கும் ஆசிரியைக்குத்தான் இந்தப் பாக்கியம்!

ஊட்டிப் பெண் எங்கள் வகுப்பின் பொக்கிஷம். கொதிநிலை பாடத்தில் அவள்தான் ராணி. சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் அவள் வீட்டில் 92, 93-லேயே கொதித்துவிடுகிறது. சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கேமராவுக்கு முன் நீட்டியபோது சென்னைப் பிள்ளைகள் நம்பவே இல்லை. "ரிப்பேர் ஆயிருக்கும்!" என்றார்கள். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "எங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகவே வேகாது. அம்மாகிட்ட கேளுங்க." அம்மா வந்து சாட்சி சொன்னார். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும், குக்கர் அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 120 வரை ஏற்றும் என்ற முழுப் பாடமும் ஒரு பருப்புச் சட்டியைச் சுற்றி முடிந்தது. இந்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் பெற்றோர் குழுவில் நான் தவறாமல் போடும் வரி: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் கூடவே கூடாது, அடுப்பருகே பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

சிங்கப்பூர்க்காரிக்கு வேறொரு பெருமை. ஒளிவிலகல் எண் நடத்தும்போது அவளிடமிருந்து சென்னைக்கு ஒரு பிங், அதாவது போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று காட்டும் சின்னச் செய்தி, அனுப்பச் சொல்வேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள்கள் ஓடுகின்றன. 2002-இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கேபிளின் நீளம் மட்டும் 3,200 கி.மீ. கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய ஒன்றரை, ஆகவே அதற்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கி.மீ. வேகத்தில்தான் போகும். போய்வர 6,400 கி.மீ.; கணக்குப் போட்டால் 32 மில்லிநொடி. அந்தக் கேபிள் வழியே அதைவிடக் குறைவாக எந்த இணைய நிறுவனத்தாலும் தரவே முடியாது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். நாங்கள் பேசுகிற பேச்சே வங்காள விரிகுடாவுக்கு அடியில் ஒளியாக ஓடுகிறது என்று உறைத்ததும் ஒருவன் மெல்லிய குரலில் "ஹலோ கடல்" என்றான். அன்று முழுக்க எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நிழல் நாள்.

எரடோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணித்தார். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் கதைதான். நாகர்கோவிலும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியையொட்டி இருக்கின்றன. அதாவது இரண்டு ஊரிலும் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒரே நேரத்தில்! இரண்டு ஊரிலும் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வருகைப் பதிவைப் பார்த்தபோது நான் நாற்காலியில் இருந்து துள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 22-ஐத் தேர்ந்தெடுத்தோம், பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி. ஒரு மீட்டர் குச்சி. கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய தூக்குக்குண்டால் அது செங்குத்தாக நிற்கிறதா என்று சோதித்தாயிற்று. இரண்டு மொட்டை மாடியிலிருந்தும் போன் வழியே நேரலை. மற்றவர்கள் பார்வையாளர்கள், கத்துவதற்கு முழு அனுமதி. பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி. நாகர்கோவிலில் மேகம் வந்தது. சிட்னியில் இருக்கிறவளுக்குக்கூட அந்த மேகத்தின் மேல் கோபம்! 12:14-க்குத்தான் நிழல் மிகக் குட்டையாகும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டே பத்துக்கு மேகம் விலகியது. நாகர்கோவிலில் நிழல் பதினான்கரை செ.மீ. டெல்லியில் 54.3. அதே சூரியன், அதே நிமிடம், ஆனால் ஒரு குச்சியின் நிழல் மற்றதைவிட நான்கு மடங்குக்குப் பக்கம்! பூமி தட்டையாக இருந்தால் இது நடக்க வழியே இல்லை. தொலைவிலிருந்து வரும் சூரியக் கதிர்கள் இணையானவை ஆயிற்றே.

கோணம் கண்டுபிடித்தார்கள்: 8.25 டிகிரி, 28.5 டிகிரி. வேறுபாடு 20.25. ஊர்களுக்கு நடுவே தெற்கு வடக்காக வரைபடத்தில் சுமார் 2,260 கி.மீ. முழு வட்டத்துக்குக் கணக்குப் போட்டபோது விடை 40,180 கி.மீ. துருவங்கள் வழியே பூமியின் உண்மைச் சுற்றளவு 40,008. இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், இரண்டு குச்சி! அந்த எண் திரையில் வந்தபோது எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. டெல்லிப் பையனின் மாடிக்கு அக்கம்பக்கத்தார் என்னவோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார்கள்.

இப்படியெல்லாம் துள்ளிவிட்டு ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். திரை வழியாகக் கற்றுத்தர முடியாதவையும் இருக்கின்றன. தரம்பார்த்தல் அதில் முதல். பியூரெட்டின் திருகை விரலால் மெல்லத் தளர்த்தி, ஒரே ஒரு சொட்டில் பினால்ஃப்தலீன் இளஞ்சிவப்பாக மாறி நிலைக்கிற அந்தக் கைப்பக்குவம் கையில்தான் ஏறும். அடர் அமிலத்தை வீட்டுக்கு அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. அதனால் விடுமுறையில் சில நாள், வரக்கூடிய பிள்ளைகளை ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்கு வரவழைக்கிறோம். திரையில் மட்டும் பார்த்த தோழியைக் கட்டிப்பிடித்து "இவ்வளவு உயரமா நீ!" என்று கத்துவதில் முதல் அரை மணி போய்விடும், போகட்டும். இனி தேர்வு. எங்கள் பிள்ளைகள் எழுதும் காம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. இயற்பியலில் செய்முறைத் தேர்வை நேரில் எழுதலாம், அல்லது 'செய்முறைக்கு மாற்று' என்ற எழுத்துத் தாளை எடுக்கலாம். இரண்டுக்கும் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம்தான். பழைய வினாத்தாள்களை உருப்போட்டே அந்த மாற்றுத் தாளில் தேறிவிடலாம் என்பது எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் ஊசலைக் கையால் ஆட்டாத ஒரு பிள்ளையை ஊசல் பற்றிய கேள்விக்கு விடை எழுதவிட எனக்கு மனம் வராது. நூலும் சாவிக்கொத்தும் எந்த வீட்டில்தான் இல்லை?

அடுத்தது என்ன தெரியுமா? நிலா!

சென்னையிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஒரே நொடியில் நிலாவைப் படமெடுத்தால், பின்னால் இருக்கும் விண்மீன்களுக்கு எதிரே அது இரண்டு வேறு இடத்தில் தெரியும். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரி, அதாவது இரண்டு நிலா அகலம். அதிலிருந்து நிலாவின் தூரத்தையே கணக்கிடலாம். சராசரியாக 3,84,400 கி.மீ. வர வேண்டும். இதற்கு நிலாவின் பக்கத்தில் பளிச்சென்று ஒரு விண்மீன் வேண்டும். எந்த நாளில் வரும் என்று செயலியில் தேடிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சென்னைப் பையனின் பாட்டி சுவரிலிருந்த தினசரி நாள்காட்டியைக் கழற்றிக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். "இதுல பாருங்க மிஸ், சித்திரை நட்சத்திரம்னு போட்டிருக்கிற அன்னிக்கு நிலா அதுகிட்டதானே இருக்கும்!" இருக்கும்! சித்திரை, வானியலில் ஸ்பைகா. மகம், ரெகுலஸ். கேட்டை, அன்டாரிஸ். எல்லாமே நிலா போகும் வழியோரம் மின்னுகிறவை. வகுப்பு மொத்தமும் நாள்காட்டியைப் புரட்டி மே மாதத்துச் சித்திரையைக் குறித்தாயிற்று. அன்று சென்னையில் மேகம் மூடினால் ஜூன் மாதத்துக் கேட்டை. இந்திய நேரம் இரவு எட்டு மணி, சிட்னியில் அப்போது நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. தூங்கிவிட மாட்டாயே என்று கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. மேசை மேலிருந்த புது முக்காலியை எடுத்துக் கேமராவுக்கு முன் நீட்டினாள், கால்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டி!